சத்யப்பிரியாவின் பாய்

இராமநாதபுரம்
28.6.2024, இரவு

அன்புள்ள கலை அக்காவுக்கு,

நாகு எழுதுகிறேன். நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். உனக்கு ராத்திரி ஷிப்ட் மாறியதா? திருப்பூர்த் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது?

சுகம் என்று எழுதிவிட்டேன். அது பாதிதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது வார்டன் சிஸ்டர் பக்கத்திலேயே நிற்பதால் எதையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எல்லாரும் தூங்கிய பிறகு, மாதா சுரூபத்தின் முன்னால் எரிகிற சின்ன பல்பின் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். என் வகுப்பு பர்வீன் தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவள். அவள் தபாலில் போட்டுவிடுவாள். நீயும் அவள் வீட்டு முகவரிக்கே எழுது.

பாப்பா ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொண்டதைக் கேள். முன்னால் நிற்கிற பிள்ளையின் தோளில் கை வைத்து வரிசையாகப் போவது. வாயில் விரல் வைத்து உட்காருவது. ஒன்றுக்கு வந்தால் "மே ஐ கோ அவுட் மிஸ்" என்பது. அதை அவள் வெளியே போய்விட்டு வந்த பிறகுதான் சொல்கிறாளாம். சிலுவை அடையாளம் போடவும் கற்றுக்கொண்டாள், இடது கையால். இந்துப் பிள்ளைகள் கும்பிட்டு நின்றால் போதும் என்று ஜெயராணி மிஸ் சொல்லியும் கேட்கவில்லை. "எல்லாரும் போடுறாக, நான் மட்டும் சும்மா நிக்கவா?" என்கிறாள்.

அக்கா, அவள் பாயை நனைக்கிறாள். இரண்டு தடவை சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று தடவை ஆனால் "இன்னும் ஒரு வருஷம் வீட்டில் வளரட்டும்" என்று அனுப்பிவிடுவார்கள். அவள் போனால் நானும் போக வேண்டும். "சின்னதைப் பாத்துக்கிடத்தான் ஒன்னைய ஹாஸ்டல்ல சேக்குறேன், ஒனக்காக இல்ல" என்று அய்யா சேர்க்கிற அன்றே சொல்லிவிட்டார். ஊரில் எட்டாம் வகுப்பு கிடையாது. திரும்பிப் போனால் எனக்குக் காட்டு வேலைதான்.

அய்யாவிடமும் அம்மாவிடமும் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே.

உன் பிரியமுள்ள
நாகலெட்சுமி

•

திருப்பூர்
9.7.2024

அன்புத் தங்கை நாகுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலம். முடி இன்னும் கொட்டுகிறது. கொட்டட்டும், சீவுகிற வேலை மிச்சம்.

பாப்பாவுக்கு ஏழு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போ. அடிக்காதே. அடித்தால் பயத்தில் இன்னும் போவாள். நீயும் அப்படித்தான் இருந்தாய், ஏழு வயதுவரை. இதைப் பெரிய மனுஷி ஆகிவிட்டதால் மறந்திருப்பாய்.

நானும் அந்த ஹாஸ்டலில் எட்டு மாதம் இருந்தேன். உனக்கு அப்போது இரண்டு வயது. பின்பக்கத்துக் குழாயடியில் கால் வைத்தால் வழுக்கும், பார்த்துப் போங்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். நம்ம முனியய்யா மேல் சத்தியம். பயப்படாமல் படி.

அன்புடன்
கலைச்செல்வி

•

இராமநாதபுரம்
21.8.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆசை. நீ சொன்னபடி இரண்டு தடவை எழுப்புகிறேன். ஒரு மாதமாகப் பாய் காய்ந்தே இருக்கிறது. பகலில் எனக்குத்தான் தூக்கம் வருகிறது. கணக்கு வகுப்பில் தலை தொங்குகிறது. பர்வீன் காம்பஸ் முனையால் குத்தி எழுப்புகிறாள்.

பாப்பா இப்போது பொத்தான் தானே போடுகிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள். பெயர் எழுதுகிறாள். "பாண்டீஸ்வரி" பெரிய பெயராக இருப்பதால் கடைசி எழுத்துக்குப் பலகையில் இடம் இல்லாமல் தொடையில் எழுதுகிறாள்.

போன வாரம் காவல் தூதர் பற்றிப் பாடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தூதர் உண்டு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்தில் நிற்பார் என்று மிஸ் சொன்னாராம். "நம்ம முனியய்யா மாதிரியா மிஸ்? அவரு வேட்டைக்குப் போறப்ப நாய் வருமே, இவருக்கு நாய் கிடையாதா?" என்று பாப்பா கேட்டாளாம். மிஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம்.

பாப்பாவுக்குப் பக்கத்துப் பாய் சத்யப்பிரியா. வாலிநோக்கத்துப் பிள்ளை, அம்மா உப்பளத்தில் வேலை. அந்தப் பிள்ளைக்கும் ஜூனில் இரண்டு தடவை ஆகிவிட்டது. அதனால் இரண்டு பேரும் நல்ல சேக்காளிகள். "நம்ம ரெண்டு பேருக்கும் இன்னும் ஒண்ணுதான்" என்று விரலைக் காட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு.

இப்படிக்கு
நாகு

•

திருப்பூர்
5.9.2024

அன்புள்ள நாகு,

நலம். ஓவர்டைம் அதிகம், கை விரல் எல்லாம் அயர்ன் பாக்ஸ் சூடு. உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், முனியய்யாவின் நாயை நினைத்துச் சிரித்ததில் பக்கத்துப் பெண்ணுக்குப் புரை ஏறிவிட்டது.

ஒருவேளை மூன்றாவது தடவையும் ஆகிவிட்டால் சிஸ்டரிடம் நேராகப் போய்ச் சொல். மறைக்கப் பார்க்காதே. மறைத்தால் அது வேறு எங்கேயாவது போய் முட்டும்.

அன்புடன்
கலை

•

இராமநாதபுரம்
24.10.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? நாங்கள் இருக்கிறோம். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். மூன்று மணிக்கு எழுப்பாமல் தூங்கிவிட்டேன். முழித்தபோது நாலு மணிக்கு மேல் இருக்கும். பாப்பாவின் பாயைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். சிஸ்டர் ஐந்து மணிக்கு மணி அடிக்க வருவார். ஒவ்வொரு பாயாகக் கை வைத்துப் பார்ப்பார்.

நான் யோசிக்கவில்லை அக்கா. யோசித்தேன் என்றாலும் ஒரு நிமிஷம்தான். பாப்பாவுக்கு வேறு கவுன் மாற்றினேன். சத்யப்பிரியாவை மெதுவாக உருட்டி, அவள் பாயை உருவி, ஈரப் பாயை அவளுக்குக் கீழே தள்ளிவிட்டேன். எல்லாப் பாயும் ஒரே மாதிரிதான். அவள் முழிக்கவில்லை. தூக்கத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அதை விடுவிக்கத்தான் நேரம் ஆனது.

காலையில் அவள் எழுந்து கவுனைத் தொட்டுப் பார்த்தாள். "நான் இல்ல" என்று சொல்வாள் என்று பயந்துகொண்டே நின்றேன். அவள் சொல்லவில்லை. தான்தான் நனைத்துவிட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள்.

ஒன்றாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கண்ணை மூடி, அந்த வாரம் செய்த தப்பை மனசுக்குள் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மனசுக்குள் சொல்ல வராது. எல்லாம் சத்தமாகவே சொல்லும். "நான் பென்சிலைக் கடிச்சேன்", "நான் மிஸ்ஸை மனசுல வஞ்சேன்" என்று வகுப்பே கலகல என்று இருக்குமாம். அன்றைக்கு சத்யப்பிரியா "நான் பாயை நனைச்சேன், என்னை வீட்டுக்கு அனுப்ப வேணாம்னு சொல்லுங்க யேசப்பா" என்றாளாம். பாப்பா வந்து சொன்னாள்.

சொல்லிவிட்டு என்னிடம் ரகசியமாக, "காவல் தூதர் தூங்க மாட்டாருல்லக்கா? அப்ப நீ பாயை மாத்துனதைப் பாத்திருப்பாருல்ல?" என்றாள். அவள் முழித்துத்தான் இருந்திருக்கிறாள். "சொன்னேன்னு வையி, ரெண்டு பேத்தையும் ஊருக்கு அனுப்பிருவாக" என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சத்யப்பிரியாவின் அம்மா வந்தார். காலெல்லாம் உப்பு பொரிந்து வெள்ளையாக இருந்தது. அவளுடைய பெட்டியை வராந்தாவில் எடுத்து வைத்திருந்தார்கள். அவள் அம்மா பெட்டியைத் தூக்காமல் ரொம்ப நேரம் அதன் மேல் கை வைத்து நின்றார். "வீட்ல நனைக்க மாட்டாளே சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

இதை உன் ஒருத்திக்குத்தான் எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிடு.

நாகு

•

இராமநாதபுரம்
19.11.2024, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் இல்லை. பர்வீன் தினமும் உதட்டைப் பிதுக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் "நல்லாப் படி, நல்லாச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். உன் குரல் வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு, பாப்பா கண்ணை மூடிச் சத்தமாகச் சொல்லிவிடுவாளோ என்று ஒன்றாம் வகுப்பு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்வதில்லை. "என்ன சொன்ன இன்னைக்கி?" என்றால், "ஒண்ணும் சொல்லல. வாயை மட்டும் அசைச்சேன்" என்கிறாள். அதுவும் இங்கே வந்து கற்றுக்கொண்டதுதான். மிஸ் சொல்லிக்கொடுக்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

நாகு

•

இராமநாதபுரம்
4.12.2024

அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. என் கடிதம்தான் திரும்பி வந்தது.

நேற்று சிஸ்டர் கூப்பிட்டார். மேஜை மேல் என் கடிதம் இருந்தது. நான் மடித்த மடிப்பு, என் கோணல் எழுத்து. "இது உன் கையெழுத்தா?" என்றார். உன் எழுத்தில் ஒரு தாளும் பக்கத்தில் இருந்தது. அதை எனக்குப் படிக்கக் கொடுக்கவில்லை.

நான் பாப்பாவைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். ஆறு வயசுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தாள். நீ சத்தியம் செய்தவள்.

சிஸ்டர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிட்டு வர்றேன். நீ அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும். உங்க அப்பாவும் வரணும்" என்றார். வாலிநோக்கத்துக்கு அவரே நேரில் போனாராம். இன்றைக்குச் சத்யப்பிரியா வந்துவிட்டாள். நான் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பரவால்லக்கா, நானும் மன்னிப்புக் கேட்டேன்ல" என்றாள்.

நாளை அய்யா வருகிறார்.

நாகலெட்சுமி

•

திருப்பூர்
15.12.2024

அன்புள்ள நாகு,

என்மேல் கோபமாக இருப்பாய். இரு. ஆனால் முழுதும் படி.

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். வராந்தாவில் வைத்த பெட்டி என்ற இடத்துக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. ஒரு மாதம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். உன்னை மாட்டிவிட எழுதவில்லை. அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றுதான் எழுதினேன். என் பேச்சை அங்கே நம்ப மாட்டார்கள், அதனால் உன் கடிதத்தையும் உள்ளே வைத்தேன்.

ஏன் நம்ப மாட்டார்கள் என்று கேட்பாய். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் வெள்ளிக் கொலுசு காணாமல் போனது. என் பெட்டியில் இருந்தது. நான் எடுக்கவில்லை நாகு. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் பெட்டியையும் வராந்தாவில்தான் வைத்தார்கள். அப்போது இருந்த சிஸ்டரின் காலில் விழுந்து, அய்யாவிடம் திருட்டு என்று சொல்லாதீர்கள் என்று கேட்டேன். "பிள்ளைக்கு மனசு ஒட்டல" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் படிப்புப் பிடிக்கவில்லை என்று அய்யாவிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் வைத்து அடித்தார். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அத்தை மகன் காளீஸ்வரனுக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆனியில் பரிசம் போடலாம் என்று அத்தை சொல்கிறாள். இந்த நேரத்தில் கொலுசு விஷயம் யார் காதிலும் விழக் கூடாது. யாரிடமும் சொல்லாதே.

அய்யா என்ன சொன்னார்? எழுது.

உன் அக்கா
கலைச்செல்வி

•

திருப்பூர்
20.1.2025

அன்புள்ள நாகு,

பொங்கலுக்குப் போன் பண்ணினேன். நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பதாக அம்மா சொன்னார். நீ பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது. ஒரு வரி எழுது.

கலை

•

ஊரிலிருந்து
16.2.2025

அக்காவுக்கு,

அய்யாவுக்கும் அம்மாவுக்கும் சுகம்தான். நான் மிளகாய் பறிக்கப் போகிறேன். சாயங்காலம் கை எரிச்சலில் பேனா பிடிக்க முடியாது, அதனால் ராத்திரி எல்லாரும் தூங்கியதும் எழுதுகிறேன். அய்யா என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய்.

சிஸ்டர் என்னை அனுப்பச் சொல்லவில்லை. "ஒரு மாதம் வராந்தா கூட்டட்டும், அது போதும்" என்றார். அய்யாதான் பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அக்கா இல்லாம தனியா இருந்துக்கிடுவியாடா?"

"இருப்பேன்யா."

"குளிப்பாட்டி விடுறது யாரு?"

"நானே குளிப்பேன். நானே சடை போடுவேன், ஒத்தச் சடை. நானே முழிச்சு ஒண்ணுக்குப் போவேன். இங்கிலீசுல சாப்பாட்டுச் செபம் சொல்லவா?"

சொல்லிக் காட்டினாள். வலது கையால் சிலுவை போட்டாள். ஒரு எழுத்து விடாமல் தன் பெயரை எழுதிக் காட்டினாள். உண்மையைத்தான் சொன்னாள், கேட்டவுடனே பளிச்சென்று. ஆறு மாதம் நான் தூங்காமல் கற்றுக்கொடுத்தது எல்லாம் அவள் விரலில் இருந்தது. அய்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பறம் என்ன, நீ பெட்டியைக் கட்டு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது, "மூத்தவளும் இப்பிடித்தேன். எட்டு மாசத்துல பிடிக்கலன்னு ஓடியாந்தா. ஒங்க ரெண்டு பேத்துக்கும் படிப்பு ஒட்டாது. சின்னவளாச்சும் தேறட்டும்" என்றார். பர்வீன் உன் கடிதத்தை இங்கே அனுப்பிய பிறகும் ஒரு தடவை அதையே சொன்னார், எனக்கு வாய் வரை வந்தது. நீ எழுதியிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

அக்கா, எனக்குப் படிக்க வேண்டும். நீ பிடிக்காமல் வந்தவள் என்று நினைத்துத்தான் என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். நீ ஓடி வரவில்லை என்று நீயே அய்யாவிடம் ஒரு தடவை சொல்லு. போனில் சொல்லு. சிஸ்டருக்கு என்னைப் பற்றி எழுத உனக்கு முடிந்ததே.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

நாகலெட்சுமி

•

திருப்பூர்
30.3.2025

அன்புள்ள நாகு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆவல். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உனக்கு ஒரு மாம்பழக் கலர் சுடிதார் எடுத்திருக்கிறேன், லூசாக இருந்தால் இடுப்பில் பிடித்துக்கொள்ளலாம். மிளகாய் பறிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள். அத்தை போன வாரம் போனில் நன்றாகப் பேசினாள். பாப்பா முழுப்பரீட்சை எழுதப் போகிறாள், நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

நீ எழுதியிருந்ததைச் சமயம் பார்த்துப் பேசுகிறேன். அவசரப்படாதே.

அன்புடன்
கலை

•

ஊரிலிருந்து
4.6.2025, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

சுடிதார் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. பாப்பா லீவுக்கு வந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்பு. சாப்பிடுமுன் எல்லார் கையையும் கட்டவைத்துச் செபம் சொல்கிறாள், அம்மா அதுவரை குழம்பை ஊற்றக் கூடாது.

ஏப்ரல் போனது, மே போனது. நீ ஒவ்வொரு ஞாயிறும் போன் பண்ணினாய். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று கேட்டாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

போன வியாழக்கிழமை அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று அம்மா பேச்செடுத்தார். "மூத்தவ போயி என்னத்தக் கிழிச்சா?" என்று அய்யா ஆரம்பித்தார். நான் சொல்லிவிட்டேன்.

"அக்கா ஓடி வரலய்யா. கொலுசு எடுத்தான்னு பேரு கட்டி அனுப்புனாக. அவ எடுக்கல. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் படிப்புப் பிடிக்கலன்னு சொன்னா."

அய்யா தட்டில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "பதினோரு வருசமா எங்கிட்டச் சொல்லலியே. அன்னைக்கி அத்தன பேரு பாக்க அடிச்சேனே அவள" என்றார். பிறகு எழுந்து போய்க் கை கழுவினார். சோறு அப்படியே இருந்தது.

அத்தையும் அன்று வீட்டில்தான் இருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருந்தது எனக்குத் தெரியாது என்று எழுதலாம் என்று நினைத்தேன். தெரியும். "எந்தக் கொலுசுடி?" என்று கேட்டாள். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அப்புறம் அங்கிருந்து போன் இல்லை.

திங்கட்கிழமை அய்யா இராமநாதபுரம் போய் என் பெயரை மறுபடியும் எட்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தார். புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து என் பெட்டியில் மாட்டி, சாவியைக் கையில் கொடுத்தார்.

சத்யப்பிரியா திரும்பி வந்ததற்கு நீதான் காரணம். நீ செய்தது சரி. எனக்கு இப்போது அது புரிகிறது. நான் செய்ததும் சரிதான் என்று பாப்பா சொல்கிறாள், உண்மை சொன்னால் சரிதானாம், மிஸ் சொல்லிக்கொடுத்தாராம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறதோ, அன்றைக்குச் சிஸ்டர் மேஜை மேல் என் கடிதத்தைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உன் தங்கை
நாகலெட்சுமி